கப்பல்காரர் கேட்கும் கேள்வி

தூத்துக்குடித் துறைமுகத்தில் சரக்குகளுக்குச் சுங்க வேலை பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. உப்பு, முந்திரி, கிரானைட், கருவாடு என்று என் கை வழியாகப் போகாத பொருள் இல்லை. ஆனால் சொந்தப் பாட்டாவின் எலும்பை வெளிநாட்டிலிருந்து கொண்டுவரும் வேலை என் தலையில் விழும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. எங்கள் கடற்கரையில் தாத்தாவைப் பாட்டா என்போம். இந்தப் பாட்டாவை நான் பார்த்ததில்லை. என் அம்மாவே பார்த்ததில்லை.

சூசை பாட்டா சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். ஜப்பான்காரனோடு சண்டை நடந்த காலத்தில் மலாயாப் பக்கம் போன கப்பல் திரும்பவில்லை. அவர் கிளம்பும்போது பாட்டி முழுகாமல் இருந்தாள். பிறந்தது என் அம்மா. கப்பல் முங்கியதா, ஆள் செத்தாரா என்று ஒரு தகவலும் வரவில்லை. தகவல் இல்லாவிட்டால் ஊர் சும்மா இருக்குமா? மலாயாவில் ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டார் என்றது ஒரு கூட்டம். பொட்டைப் பிள்ளை பிறந்து அப்பனை முழுங்கிவிட்டது என்றது இன்னொரு கூட்டம். இந்த இரண்டாவது பேச்சை என் அம்மா நேருக்கு நேராகவே கேட்டு வளர்ந்தாள்.

பேராக் மாநிலத்தில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை வீடு கட்ட விற்றார்கள். அங்கிருந்த ஒரு சின்னக் கோயிலை இடம் மாற்றத் தோண்டியபோது எலும்புகள் வந்தன. கூடவே எங்கள் ஊர் மாதா உருவம் பொறித்த ஒரு வெள்ளிப் பதக்கம். ஈப்போவில் ஓய்வாக இருக்கும் ஒரு டாக்டர் அதைப் படம் எடுத்துப் பரப்ப, அது சுற்றிச் சுற்றி எங்கள் தெருவுக்கு வந்து சேர்ந்தது. ஆள் தொலைந்த குடும்பங்கள் ஒவ்வொன்றாக டி.என்.ஏ. சோதனைக்கு எச்சில் கொடுத்தன. எண்பதைத் தாண்டிய என் அம்மாவும் பல்லில்லாத வாயைத் திறந்து கொடுத்தாள். அவளுடையதுதான் பொருந்தியது.

"ஏல ராயப்பா, எங்கப்பாவக் கொண்டுவந்து எங்கம்மா பக்கத்துல வச்சிரு. அதப் பாத்துட்டுத்தான் நான் கண்ண மூடுவேன்" என்றாள். மறுநாளே பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தேன்.

ஈப்போவில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது மலைகள்தான். ஊருக்கு நடுவிலேயே சுண்ணாம்புப் பாறைகள் செங்குத்தாக நிற்கின்றன. அவற்றின் காலடியில் பெட்ரோல் பங்க், கார் கடை, பள்ளிக்கூடம். எங்கள் ஊரில் உயரமாக ஏதாவது பார்க்க வேண்டுமென்றால் உப்புக் குவியலைத்தான் பார்க்க வேண்டும். எனக்குக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

என்னை அழைத்துப்போக கணேசன் வந்திருந்தார். அந்தத் தோட்டத்தில் பிறந்தவர். இப்போது ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். ஐம்பது வயதிருக்கும், முட்டி வலிக்காரர், பேச்சு குறைவு. தூத்துக்குடியிலிருந்து நான் கொண்டுபோன மக்ரூன் டப்பாவைக் கொடுத்தேன். திறந்து பார்த்தால் பாதி மாவாகியிருந்தது. அதையும் விரலால் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, "நீங்க வாரீங்கன்னு தெரியும்ணே" என்றார். போன வாரமே நான் போன் செய்திருந்தேன், தெரியாமல் எப்படி இருக்கும்? ஆனால் போனில் கேட்ட சேதியைச் சொல்லுகிற குரல் இல்லை அது. வண்டி ஓட்டிக்கொண்டே கண்ணாடி வழியாக என் முகத்தை அடிக்கடி பார்த்தார். நான் பார்த்தால் பார்வையைத் திருப்பிக்கொண்டார்.

மத்தியானம் ஒரு சீனர் கடையில் வெந்த கோழியும் முளைப்பயறும் வாங்கிக் கொடுத்தார். இங்கே அந்தப் பயறுக்குத் தவுகே என்று பெயர். ஒவ்வொன்றும் சுண்டுவிரல் தடிமன், கடித்தால் தண்ணீராக உடைகிறது. இங்குள்ள மலைத் தண்ணீரில் வளர்வதால் அப்படி என்று கடைக்காரர் சொன்னதைக் கணேசன் எனக்குத் தமிழில் சொன்னார். முளைப்பயறு என்றால் சர்க்கரை நோயாளிக்கு என்று நினைத்துக்கொண்டிருந்த நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். கணேசன் கோழியைத் தொடவில்லை. விரதமாம். எதற்கு என்று கேட்டேன். எங்க அக்கா சொல்வாங்க என்று எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலை டாக்டரைப் பார்த்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம், அப்பா ரயில்வேயில் இருந்தவராம், இவர் அரசாங்க ஆஸ்பத்திரியில் டாக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். வீடு அத்தனை சுத்தம், செருப்பைக் கழற்றிய இடத்தைக்கூட நான் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். அவருடைய மனைவி தேநீரும் வடையும் வைத்துவிட்டு உள்ளே போனதும், டாக்டர் தன் கழுத்தில் விரலை வைத்துக் காட்டினார். பாட்டாவின் கழுத்து எலும்பில் வெட்டு இருக்கிறதாம். ஒரே வீச்சு. கையில் எடுத்த வடையை நான் திரும்பவும் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

சோதனை முடிந்து எலும்புகள் ஒரு பானையில் அந்தக் கோயில்காரர்களிடமே இருந்தன. சட்டப்படி அவை எங்களுடையவை, யாரிடமும் கேட்கத் தேவையில்லை, தரமாட்டோம் என்றால் போலீசுக்கு ஒரு போன் போதும் என்றார் டாக்டர். எனக்கு அது வசதியாக இருந்தது. முறைப்படி விடுவித்த சரக்கை எடுத்துக்கொண்டு போவதுதானே என் தொழிலும்? கிளம்பும்போது, "அந்தச் சனம் நல்ல சனம். ஆனால் அவையள் அவரை வேற மாதிரி நினைச்சுக்கொண்டிருக்கினம்" என்றார்.

வேறு மாதிரி என்றால் என்ன என்பது அன்று மாலை சரோஜா அக்கா வீட்டில் விளங்கியது. கணேசனின் அக்கா. தோட்டத்தில் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர், தோட்டம் மூடிய பிறகு ஜெலாப்பாங் தொழிற்சாலை ஒன்றில் சமையல் வேலை பார்த்தவர். அடுக்குமாடியில் நாலாவது மாடி, லிப்ட் வேலை செய்யவில்லை. மூச்சு வாங்கி உட்கார்ந்த எனக்குச் சோறும் கருவாட்டுச் சம்பலும் வைத்தார். கருவாடு எங்கள் ஊர் நெத்திலியை விடச் சின்னது, காரம் மட்டும் பெரியது. கண்ணில் தண்ணீர் வர வர நான் சாப்பிட, அவர் சொன்னார்.

குண்டு போட்டு முங்கிய கப்பலிலிருந்து தப்பி, தெலுக் இந்தான் பக்கம் சேற்றுக்காட்டில் கரையேறி, ஆற்றோடு நடந்து ஒரு ஆள் தோட்டத்துக்கு வந்திருக்கிறார். ரப்பர் ஷீட்டைப் புகை போடும் கட்டடத்தில் ஒளித்து வைத்தார்கள். சரோஜா அக்காவின் அம்மா அப்போது சின்னப் பெண். சோறு கொண்டுபோனது அவர்தான். பிடித்து அடித்துக் கேட்டால் வாய் உளறிவிடும் என்று பயந்து, பெயரையும் ஊரையும் சொல்லவே கூடாது என்று அந்த ஆளிடமே கட்டளை போட்டிருந்தார்கள். அவரும் சொல்லவில்லை. கப்பக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். ஒன்று மட்டும் அவரால் அடக்க முடியவில்லை. வீட்டுக்காரி முழுகாமல் இருந்தாள், இந்நேரம் பிறந்திருக்கும், என்ன பிள்ளையோ என்று சோறு கொண்டுவரும் சிறுமியிடம்கூடக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார்.

கடைசியில் ஜப்பான் பட்டாளத்தான் கண்டுபிடித்துவிட்டான். ஒளித்து வைத்தது யார் என்று கேட்டதற்கு அவர் வாயே திறக்கவில்லை. லயத்து வீடுகளில் இருந்த மொத்தச் சனத்தையும் வெளியே நிறுத்திவைத்து, ஒரு பால்மரத்தடியில் அவரை முடித்தார்கள். அங்கேயே புதைத்தார்கள்.

அடுத்த வருடம், பால் வெட்டிக்கொண்டிருந்த சரோஜா அக்காவின் மாமா பட்டப்பகலில் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, காலை அகட்டி நின்றுகொண்டு, "என்ன புள்ள?" என்று கேட்டிருக்கிறார். கப்பக்காரர் வந்துவிட்டார் என்று சனங்களுக்குப் புரிந்தது. பதில் யாருக்குத் தெரியும்? கூட்டத்தில் ஒரு கிழவர் ஆம்பளப் பிள்ளை என்று சொல்லிவிட்டார். உடனே ஆள் அமைதியாகிவிட்டது. அன்றிலிருந்து புதைத்த இடத்திலேயே கோயில், வருடா வருடம் பூசை. வருடா வருடம் அதே கேள்வி, அதே பதில். மாமா போன பிறகு இப்போது கணேசன் மேல் வருகிறார். பத்து காஜா, தெலுக் இந்தான் என்று ஊர் ஊராகச் சிதறிப்போன தோட்டத்துச் சனம் ஒன்றாகக் கூடுவது அந்த ஒரு நாள்தான்.

தட்டை ஓரமாகத் தள்ளிவைத்தேன். எண்பது வருடத்துக்கு மேலாக அந்த மனுஷனிடம் பொய் சொல்லியிருக்கிறார்கள். அதுவும் அன்பாக, சர்க்கரைப் பொங்கல் வைத்து. கோபப்படுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று தெரியவில்லை. பெற்ற ஊர் பழி பேசிக்கொண்டிருந்தபோது, பெயர் தெரியாத ஊர் அவருக்கு விளக்கேற்றியிருக்கிறது. போலீசைக் கூப்பிடும் எண்ணம் அங்கேயே விட்டுப்போயிற்று.

சரோஜா அக்கா தெளிவாகச் சொன்னார். "நாளைக்கு உச்சியில அவருகிட்ட உத்தரவு கேப்போம் தம்பி. சரின்னுட்டாருன்னா நானே தூக்கிக் குடுக்குறேன். மாட்டேன்னாருன்னா, மன்னிச்சுக்குங்க, நாங்க குடுக்க மாட்டோம். ஆனா ஒன்னு. மொதல்ல அவரு புள்ளயத்தான் கேப்பாரு. ஆம்பளப் புள்ளன்னே சொல்லிடுங்க. இத்தன வருசம் ஏமாத்துனது தெரிஞ்சா ரொம்ப சுசாலா, பெரிய கஷ்டமாயிடும். எங்க தம்பி ஒடம்பு தாங்காது."

கணேசன் கதவோரமாக நின்று என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

விடுதிக்கு வந்ததும் அம்மாவைப் போனில் கூப்பிட்டேன். சுருட்டும் சாராயமும் படைக்கிறார்கள் என்றதும் அவளுக்கு வந்ததே கோபம். எங்கப்பா மாதா பதக்கத்தைக் கழுத்தில் போட்டிருந்தவர், அவரை முனியாக்கி வைத்திருக்கிறார்களா, நீ ஊருக்கு வந்ததும் முதலில் பங்குச்சாமியிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய் என்று பொரிந்தாள். கேள்வியையும் பதிலையும் சொன்னதும் அப்படியே அடங்கிப்போனாள்.

"ஆம்பளப் பிள்ளன்னா சொன்னாவ?"

"ஆமாம்மா. அவங்களுக்குத் தெரியாதுல்ல."

"நீ பொய் சொல்லாத. பொம்பளப் பிள்ளதான்னு சொல்லு. அதக் கேட்டுட்டு வரமாட்டேன்னா, வர வேண்டாம். அங்கனயே இருக்கட்டும். ஆனா எனக்குத் தெரியணும்ல."

மூன்றாம் நாள் காலை கணேசனின் வேனில் நானும் சரோஜா அக்காவும் கிளம்பினோம். ரொட்டி சானாயும் தேத் தாரிக் என்கிற நுரை டீயும் வயிற்றில் போன தெம்பில் நான் வளவளவென்று பேசிக்கொண்டு வந்தேன். பேச்சை நிறுத்தினால் பயம் வந்துவிடும்போல் இருந்தது. பழைய ரப்பர் தோட்டத்தில் பாதிக்கு இப்போது செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, நிற்கிறது. வரிசை வரிசையாக, எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே மாதிரி. அதற்குள் போய்த்தானா வேன் நிற்க வேண்டும்? இஞ்சினிலிருந்து ஆவி வந்தது. கணேசன் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, சூடு தணியணும் என்று ஒரு மட்டையின் மேல் உட்கார்ந்தார்.

காத்திருந்த நேரத்தில்தான் கவனித்தேன். அங்கே பறவைச் சத்தம் இல்லை. வெளியே வெயில் கொளுத்த, மரத்தடியில் மட்டும் சாயங்காலம்போல் இருட்டு. வரிசைகளுக்குள் யாரோ நம் கூடவே நடந்து வருவதுபோலவும், நாம் நின்றதும் நின்றுவிட்டது போலவும் ஒரு நினைப்பு. திரும்பிப் பார்த்தால் மரம்தான்.

குலை வெட்டும் வங்காளதேசத்துக்காரர் ஒருவர் சைக்கிளில் வந்தார். எங்களைப் பார்த்ததும் இறங்கி, சட்டைப் பையிலிருந்து ஒரு சிகரெட்டை எடுத்துக் கணேசனிடம் கொடுத்து மலாயில் ஏதோ சொல்லிவிட்டுப் போனார். நான் என்னவென்று கேட்டேன். அங்கே போறீங்கதானே, என் பேரைச் சொல்லி வச்சிடுங்க என்றாராம். அவருக்கும் கப்பக்காரரைத் தெரியுமா என்று கேட்டேன். "இந்தப் பக்கம் தனியா நடக்குறவங்களுக்கெல்லாம் தெரியும்ணே" என்றார் கணேசன்.

கோயில் என்றால் நாலு கம்பியும் தகரக் கூரையும்தான். சுற்றிலும் மண்ணைத் தள்ளிச் சமன் செய்துவிட்டார்கள். தூரத்தில் மஞ்சள் இயந்திரங்கள் வேலையில்லாமல் நின்றன. தோண்டிய குழிக்குப் பக்கத்தில், சிவப்புத் துணி சுற்றிய பானை. என் சொந்தம் அதற்குள் இருக்கிறது என்று மனசுக்கு ஏறவே இல்லை. கையெடுத்துக் கும்பிடுவதா, சிலுவை போடுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தேன். சனங்கள் ஏற்கெனவே வந்திருந்தார்கள். என்னைக் கண்டதும் வழிவிட்டார்கள். ஒரு வயசாளி என் காலில் விழப் போனார். நான் பதறிப் பின்னால் போனதில் குழியில் விழப் பார்த்தேன்.

உச்சிவேளையானதும் உடுக்கை அடித்தார்கள். சாம்பிராணி போட்டார்கள். கணேசன் சட்டையைக் கழற்றிவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். கொஞ்ச நேரத்தில் சாம்பிராணியை மீறி ஒரு வாடை வந்தது. புளித்ததும் கருகியதும் கலந்த ஒரு புகை வாடை. மூக்கைப் பொத்திக்கொண்டு சரோஜா அக்காவிடம் என்ன எரிகிறது என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. "ஷீட்டுக்குப் போடுற பொகை தம்பி. அந்தக் கட்டடத்த ஒடச்சப்ப கணேசன் பள்ளிக்கூடம்கூடப் போகல" என்றார். திரும்பிப் பார்த்தேன். பக்கத்தில் நின்றவர்களும் காற்றை மோந்துகொண்டிருந்தார்கள்.

உடுக்கை நின்றது. யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

கணேசன் நிமிர்ந்தார். இரண்டு காலையும் அகட்டி, முட்டியைத் தளர்த்தி, மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டு நின்றார். சாமியாடிகள் ஆடுவதை நான் பார்த்திருக்கிறேன். இது அந்த ஆட்டம் இல்லை. நாள்கணக்கில் கடலில் கிடந்துவிட்டுத் துறைமுகத்தில் இறங்கும் கப்பல்காரர்கள் இப்படித்தான் நிற்பார்கள். தரை நிலையாக இருப்பது அவர்களுக்கு உடனே உறைக்காது. கணேசன் வேன் ஓட்டுகிறவர்.

கண் திறந்தது. என்னைப் பார்க்கவில்லை, கூட்டத்தைப் பார்த்துத்தான் கேட்டார். "என்ன புள்ள?"

அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது. சரோஜா அக்கா கைகூப்பி, தலையை லேசாக ஆட்டிக் கெஞ்சினார். சொல்லிவிட்டால் என்ன? ஒரே ஒரு வார்த்தை. பானையோடு ஊருக்குப் போய்ச் சேரலாம். கணேசனுக்கும் ஒன்றும் ஆகாது. அம்மாவிடம், சொல்லியாச்சு என்று இன்னொரு பொய்யும் சொல்லிக்கொள்ளலாம். எண்பது வருடமாக அவளைப் பழித்த பட்டியலில் நானும் சேர்ந்துகொள்ளலாம். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"பொம்பளப் பிள்ள, பாட்டா" என்றேன்.

ஆட்டம் நின்றது. எங்கோ கூரைத் தகரம் வெயிலில் படக்கென்றது. "இவங்களுக்குத் தெரியாது. உங்க மேல உள்ள பிரியத்துல சொல்லிட்டாங்க. கோவப்படாதீங்க. எங்கம்மாதான் உங்க பிள்ள. நான் உங்க பேரன். அம்மாதான் கூட்டிட்டு வரச் சொன்னா."

அவர் அகட்டிய காலோடு என் கிட்டே வந்தார். கையைத் தூக்கியபோது சரோஜா அக்கா முனகினார். கை என் தோளில் இறங்கியது. மெலிந்த கணேசனின் கை அத்தனை பாரம் இருக்க நியாயமில்லை. முகத்தை என் முகத்தருகே கொண்டுவந்து, ரகசியம் கேட்பதுபோல மெல்லக் கேட்டார்.

"யாரு சாடை? என் சாடையா, அவ சாடையா?"

இந்தக் கேள்வியை அவர் எந்த வருடமும் கேட்டதில்லை என்று பிறகு சொன்னார்கள். பாட்டாவுக்கு ஒரு போட்டோகூடக் கிடையாது. அவர் சாடையை எங்கே போய்ப் பார்ப்பேன்? பாட்டியை எனக்குத் தெரியும். உருண்டை முகம், சப்பை மூக்கு. அம்மாவுக்கோ நீள முகம், கூட்டுப் புருவம், மோவாயில் ஒரு குழி. இது யாரைக் கொண்டு பிறந்தது என்று எங்கள் வீட்டில் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள், பதில் சொல்ல ஆள் இருந்ததில்லை.

"உங்க சாடைதான் பாட்டா. அப்படியே நீங்கதான்."

தோளிலிருந்து கை எடுபட்டது. அவர் குழியோரமாகப் போய், மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். உள்ளங்கையால் மண்ணை ஒருமுறை தடவினார். கூட்டத்தில் பெண்கள் அழ ஆரம்பித்தார்கள். "இத்தன வருசத்துல ஒக்காந்ததே இல்ல தம்பி" என்றார் சரோஜா அக்கா. அடுத்து நாங்கள் பார்த்தபோது அங்கே வெறும் கணேசன்தான் இருந்தார், முட்டியைத் தேய்த்துக்கொண்டு, தண்ணீர் கேட்டுக்கொண்டு. என்ன நடந்தது என்று என்னிடமே விசாரித்தார். புகை வாடை போய்விட்டிருந்தது.

சொன்னபடி சரோஜா அக்காவே பானையைத் தூக்கி என் கையில் வைத்தார். வைத்த பிறகும் கையை எடுக்கவில்லை. புது இடத்தில் கல் நட்டு விளக்கு ஏற்றுவோம், அவர் இல்லாவிட்டாலும் நாங்கள் கூடத்தான் செய்வோம் என்றார். கூடுவார்களா என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்பது குரலில் இருந்தது. பெயரைச் சொல்லிவிட்டுப் போங்கள் என்று யாரோ கேட்டார்கள். சூசை என்றேன். ஆளாளுக்கு ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள்.

வேனில் ஏறியதும் அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். ஊரில் காலை நேரம். கோயிலுக்குப் போய்விட்டு வந்து, அதே சேலையோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பானையைக் காட்டினேன், பார்த்தாள். என்ன சொன்னார் என்று கேட்டாள். கோபப்பட்டாரா என்று கேட்டாள். ஒன்றுவிடாமல் சொன்னேன். யார் சாடை என்று கேட்டதையும், நான் சொன்ன பதிலையும் சொன்னேன்.

அம்மா போனைக் கட்டிலில் மல்லாக்க வைத்துவிட்டு எழுந்தாள். எனக்குக் காற்றாடி சுற்றுவது மட்டும்தான் தெரிந்தது. தடுமாறி நடக்கும் சத்தமும், பீரோவின் மேல் கை ஊன்றும் சத்தமும் கேட்டன. அந்தப் பீரோவின் கதவில் ஆளுயரக் கண்ணாடி பதித்திருக்கும். இரண்டு தடவை அம்மா என்று கூப்பிட்டேன். சரோஜா அக்கா என் கையைப் பிடித்து, பேசாதீங்க என்று சைகை காட்டினார்.

வெகுநேரம் கழித்து, எதிரில் நிற்கும் ஒருவரிடம் சொல்வதுபோல, "வாங்கப்பா" என்றாள்.